தங்கையைப் பறித்த நோயுடன் போராடிய டாக்டர் அம்மையார்

அக்காள் டாக்டர். ஆனாலும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. இளம் வயதிலேயே தங்கையைப் புற்றுநோய் கொண்டு போயிற்று. அந்தத் துயரத்தில்தான் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு வித்து விழுந்தது.

அந்த அக்காள்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

முதல் பெண்

புதுக்கோட்டையில் 1886-ம் ஆண்டு பிறந்தார். பெண்கள் பள்ளிக்கூடம் போவதே அதிசயமாக இருந்த காலம் அது. அவரோ ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். 1912-ல் சென்னையில் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் சென்னை சட்டசபையில் இடம் பெற்ற முதல் பெண்ணும் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டார். 1930-ல் ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார்.

இத்தனைக்கும் நடுவில் தங்கையை அவர் மறக்கவில்லை.

கத்தியும் கதிரும்

புற்றுநோய் என்றால் சாவுதான் என்று அன்று ஜனங்கள் நம்பினார்கள். அதற்குக் காரணம் உண்டு.

ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிலாளி ஒருவருக்குச் சோறு இறங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கஞ்சியும் இறங்காது. உணவுக்குழாயில் புற்று வளர்ந்திருக்கலாம். முற்றினால் அது மூச்சுக்குழாயையும் பெரிய ரத்தக்குழாயையும் ஒட்டிக்கொள்ளும். ஆபரேஷன் மட்டும் செய்தால் முழுவதும் எடுக்க வராது. ஜனங்கள் கரண்டு வைப்பது என்று சொல்லும் கதிர் சிகிச்சை மட்டும் கொடுத்தால், மிச்சம் நின்று மீண்டும் வளரலாம்.

இரண்டையும் சேர்த்தால்? கதிர் புற்றைச் சுருக்கும். பிறகு கத்தி அதை எடுக்கும். ஆனால் இரண்டு டாக்டர்களும் கலந்து பேசி வைத்தியம் செய்ய வேண்டும். அதற்கு ஒரே இடம் வேண்டும்.

அடையாறில் உதயம்

அம்மையார் ஊர் ஊராக நிதி கேட்டார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் 12 படுக்கைகளுடன் ஆஸ்பத்திரி பிறந்தது. அப்போது அம்மையாருக்கு வயது 67! மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பை ஏற்றார். மறு ஆண்டு டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். ஆபரேஷனும் கதிர் சிகிச்சையும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. சில ஆண்டுகளில் கோபால்ட் கதிர் இயந்திரமும் வந்தது.

1968-ல் அம்மையார் காலமானார்.

ஒளிக்காதீர்கள்

இன்று முற்றிய உணவுக்குழாய்ப் புற்றுக்குப் பலருக்கும் முதலில் கதிரும் மருந்தும் கொடுக்கிறார்கள். புற்று சுருங்கிய பின் ஆபரேஷன் செய்கிறார்கள். இதற்கான வசதி வேலூர் சி.எம்.சி.யிலும் உண்டு. எல்லோருக்கும் இது பொருந்தாது. உடல் பலத்தையும் நோயின் அளவையும் பார்த்து டாக்டர்கள் முடிவு செய்வார்கள்.

புகையிலையும் மதுவும் இந்த நோயை வரவழைக்கும். விழுங்கும்போது அடைத்தால், நாளை சரியாகும் என்று இருந்துவிடாதீர்கள். வீட்டில் சொல்லுங்கள். உடனே டாக்டரிடம் போங்கள். சீக்கிரம் வந்தவர்களுக்கே பிழைக்கும் வழி அதிகம்.