ஏடுகளைத் தேடிய சுவாமி ஞானப்பிரகாசர்

நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் பழைய தாள்களை எவ்வளவு மதித்தார் என்பதை அறிவீர்களா?

1875 ஆகஸ்ட் 30ஆம் திகதி மானிப்பாயில் ஒரு சைவக் குடும்பத்தில் பிறந்தார். வைத்திலிங்கம் என்பது பிள்ளைப் பெயர். தந்தையார் இளமையிலேயே காலமாக, தாயார் அச்சுவேலி தம்பிமுத்துப்பிள்ளையை மணந்தார். அச்சகம் நடத்திய அந்தக் கத்தோலிக்கப் பெரியாரின் வீட்டில் சிறுவன் நூல்களோடு வளர்ந்தான். பின்னர் புகையிரத இலாகா உத்தியோகத்தைத் துறந்து, அமலமரித் தியாகிகள் சபையில் சேர்ந்து, 1901இல் குருவானார்.

மறைப்பணியோடு ஆராய்ச்சியும் நடந்தது. யாழ்ப்பாண அரசரைப் பற்றி வழங்கிய கதைகளை அடிகளார் அப்படியே ஏற்கவில்லை. போர்த்துக்கேயர் எழுதிவைத்த குறிப்புகள், சாசனங்கள், ஊர்ப்பெயர்கள் ஆகியவற்றோடு அவற்றை ஒப்புநோக்கினார். 1928இல் யாழ்ப்பாண வைபவ விமரிசனம் வெளிவந்தது. 1938இல் சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதியைத் தொடங்கினார். அது முற்றுப்பெறுமுன், 1947 ஜனவரி 22ஆம் திகதி இறைவனடி சேர்ந்தார்.

அகராதிப் பணியைத் தொடர்ந்தவர் பன்மொழிப் புலவரான தாவீது அடிகள். 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியில் தாவீது அடிகள் உயிர் நீத்தார். கட்டடம் மீண்டும் எழுந்தது. வேறு பிரதி இல்லாத ஏடுகள் மீளவில்லை.

இது வடக்கின் கதைதானே என்று இருந்துவிடாதீர்கள். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்து, இறப்பர்ப் பால் வெட்டிய நம் முன்னோருக்கு வைபவமாலை எவரும் பாடிவைக்கவில்லை. துண்டு, பற்றுச்சீட்டு, ஞானஸ்நானப் பதிவு, சங்க அட்டை: இவையே அவர்களின் சரித்திரம். 1949ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்நாட்டில் தொடர்ந்து வசித்ததற்கு அத்தாட்சி கேட்டபோது, ஒரு தாளின் பெறுமதி என்னவென்று எத்தனையோ குடும்பங்கள் கண்ணீரோடு உணர்ந்தன.

ஆகவே, தகரப் பெட்டியில் கிடப்பவற்றை வெறும் குப்பையென்று அடுப்பில் இடாதீர்கள். ஈரம் படாமல் வையுங்கள். பழைய படத்தின் பின்புறம், அதிலுள்ளவர் பெயரையும் தோட்டத்தையும் பென்சிலால் எழுதுங்கள். ஒரு பிரதியெடுத்துப் பங்கிலோ பாடசாலை நூலகத்திலோ ஒப்படையுங்கள். ஒரே இடத்தில் இருப்பது ஒரே நாளில் அழியக்கூடும். நாளை நம் பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தின் வரலாற்றை எழுத அமரும்போது, ஒப்புநோக்க அவருக்கு ஏதேனும் இருக்கவேண்டும்.