சாலையில் ஆணி பொறுக்கிய டி.வி.எஸ்.!

குட்டீஸ், போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவுகள்! ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வளைந்து வளைந்து ஏறும். அந்த ஜீப்பைச் சாலையோடு பிடித்து வைத்திருப்பது எது தெரியுமா? நான்கு டயர்கள்தான். ஒவ்வொரு டயரும் ஒரு நேரத்தில் தரையைத் தொடும் இடம், பெரியவர் ஒருவரின் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அத்தனை பேரின் உயிரும் அந்த நான்கு உள்ளங்கைகளில் இருக்கிறது!

டயரின் அருமையை 100 ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்து, அதைக் கண்ணைப் போலக் காத்த ஒருவரின் கதையைத்தான் இந்த வாரம் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள். அவர்தான் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் அய்யங்கார்.

திருநெல்வேலிச் சீமையில் உள்ள திருக்குறுங்குடியில், 1877-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி அவர் பிறந்தார். படித்து முடித்ததும் வக்கீல் வேலை பார்த்தார். பிறகு ரயில்வேயில் வேலை, அதன் பின் வங்கியில் வேலை. மாதம் பிறந்தால் சம்பளம் வரும். வீட்டில் இருப்பவர்களுக்கு நிம்மதி. ஆனால், அவர் மனமோ சொந்தத் தொழில் செய்ய ஆசைப்பட்டது. கைவசம் இருந்த வேலையை விட்டார். 1911-ல் தன் பெயரில் நிறுவனம் தொடங்கினார். 1912-ல் மதுரையில் பஸ் விட்டார்!

அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் போக மாட்டு வண்டியும் குதிரை வண்டியும்தான். ரயில் எல்லா ஊருக்கும் போகாது. எனவே, பஸ் என்றதும் மக்கள் ஆச்சரியமாகப் பார்த்தார்கள். ஆனால், ஆச்சரியம் மட்டும் போதுமா? சந்தைக்குப் போகிறவர், கோர்ட்டுக்குப் போகிறவர், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் எல்லோருக்கும் பஸ் சொன்ன நேரத்துக்கு வர வேண்டும் அல்லவா? நேரம் தவறாமைதான் தன் தொழிலுக்கு உயிர் என்று சுந்தரம் அய்யங்கார் முடிவு செய்தார்.

அதற்கு ஒரு பெரிய எதிரி இருந்தது. மிகச் சிறிய எதிரி என்றும் சொல்லலாம். அது என்ன? ஆணி!

மாடுகளின் குளம்பு தேயாமல் இருக்க லாடம் அடிப்பார்கள். நடக்க நடக்க அந்த லாடத்தின் ஆணிகள் கழன்று சாலையில் விழும். மண்ணும் கப்பியுமான சாலையில் அவை கண்ணுக்கே தெரியாது. பஸ் டயர் அதன் மேல் ஏறினால் ஆணி குத்தி, உள்ளே இருக்கும் ட்யூபில் ஓட்டை விழும். புஸ்ஸ்ஸ்! காற்று போய்விடும். எல்லோரும் இறங்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றி, ட்யூபை வெளியே எடுத்து, ஒட்டுப் போட்டு, மறுபடியும் காற்றடிக்க வேண்டும். டயர் கிழிந்துவிட்டால் இன்னும் கஷ்டம். அந்த நாளில் டயர் கப்பலில் வர வேண்டிய பொருள்!

வேறு யாராவது இருந்தால், மாட்டு வண்டிக்காரர்களைத் திட்டிவிட்டு ஒட்டுப் போட்டுக்கொண்டே இருந்திருப்பார்கள். சுந்தரம் அய்யங்கார் வேறு மாதிரி யோசித்தார். பஸ் கிளம்புவதற்கு முன்னால் காந்தம் பொருத்திய ஒரு வண்டியைச் சாலையில் ஓடவிட்டார் என்று பழைய மதுரைக்காரர்கள் சொல்வார்கள். சாலையில் கிடந்த ஆணிகளை எல்லாம் அந்தக் காந்தம் இழுத்துக்கொள்ளும். அந்த வண்டியில் யாரும் டிக்கெட் வாங்கி ஏறப்போவதில்லை. அதனால் செலவுதான், வரவு கிடையாது. ஆனாலும், வழியில் காத்திருப்பவர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அது தேவைப்பட்டது. டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தில் மணியைத் திருத்திக்கொள்வார்கள் என்று ஊர்கள்தோறும் பேச்சு ஏற்பட்டது.

அடுத்த சோதனை இரண்டாம் உலகப் போரில் வந்தது. 1942-ன் தொடக்கத்தில், ரப்பர் அதிகம் விளைந்த மலேயாவை ஜப்பான் பிடித்தது. ரப்பருக்குப் பஞ்சம்! பெட்ரோலுக்கும் பஞ்சம்! பெட்ரோலுக்குப் பதிலாக, கரியை எரித்து வரும் வாயுவால் வண்டி ஓட்டும் ‘கேஸ் பிளான்ட்' என்ற கருவியை டி.வி.எஸ். தயாரித்தது. டயருக்கு என்ன வழி? தேய்ந்து போவது மேல் ரப்பர்தானே, உள்ளே இருக்கும் உடல் பகுதி நன்றாகத்தானே இருக்கிறது! தேய்ந்ததைச் சுரண்டிவிட்டு, புது ரப்பரை வைத்து, சூடாக்கி ஒட்ட வைப்பதுதான் ‘ரீட்ரெடிங்'. அந்தத் தொழிலிலும் சுந்தரம் அய்யங்கார் இறங்கினார்.

வயதான பிறகு, பொறுப்புகளை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு கொடைக்கானலில் வாழ்ந்தார். 1955 ஏப்ரல் 28-ந் தேதி மறைந்தார். 1972-ல் டி.வி.எஸ். பஸ்கள் அரசுடைமை ஆக்கப்பட்டு, மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது. 1996-ல் தேனி தனி மாவட்டமாகப் பிரியும் வரை போடியும் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது.

பெரிய பஸ்ஸை நிறுத்தியது சின்ன ஆணி. அந்தச் சின்ன ஆணியை அலட்சியம் செய்யாதவர் பெரிய மனிதர் ஆனார். நீங்களும் சின்ன விஷயங்களைக் கவனியுங்கள், குட்டீஸ்!

நீங்களும் பார்க்கலாமே!

நின்றுகொண்டிருக்கும் வண்டியின் டயரை, பெரியவர்கள் துணையோடு உற்றுப் பாருங்கள்.

* பட்டன் பள்ளங்கள் மழைத் தண்ணீரை வெளியே தள்ளும். கார், ஜீப், பஸ் டயர்களில் அந்தப் பள்ளம் 1.6 மில்லி மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. மொட்டை டயர் மலைப்பாதையில் வழுக்கும்.

* பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2324 என்றால், 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது என்று அர்த்தம்.

* ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். இறுகி வெடிப்பு விடும். அதனால்தான் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் டயர் வாங்கும்போது, அளவோடு இந்த எண்ணையும் பார்க்கிறார்கள். பளபளப்பை மட்டும் பார்த்து ஏமாறுவதில்லை!