லஸ் வட்டாரத்தின் விளையாட்டு வள்ளல் புச்சிபாபு நாயுடு

யூபிலி மலரைப் புரட்டும் அன்பர்களுக்கு நம் ஊரின் பழைய மனிதர் ஒருவரை நினைவுபடுத்த விரும்புகிறோம். அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆனால் நமக்கு அண்டை வீட்டுக்காரர். 1516ஆம் ஆண்டில் எழுந்த காட்டுக்கோயிலாம் பிரகாச மாதா ஆலயத்தினால் லஸ் என்று பெயர் பெற்ற வட்டாரத்தில், 'லஸ் ஹவுஸ்' என்ற பெரிய மாளிகையில் வாழ்ந்தவர். இன்று தெருமுனையில் மூன்று குச்சிகளை நட்டு நம் பிள்ளைகள் பந்தாடுகிறார்களே, அந்த ஆட்டம் இந்நகர மக்களுக்குச் சொந்தமானதற்கு முதற்காரணமாக இருந்தவர் அவரே. அவர்தான் புச்சிபாபு நாயுடு.

அவரது இயற்பெயர் மோதவரபு வெங்கடமகிபதி நாயுடு. பிறந்த ஆண்டு 1868. அவருடைய தாய்வழிப் பாட்டனார் பாரி கம்பெனியில் துபாஷாக இருந்து பெருஞ்செல்வம் ஈட்டியவர். அவர் பேரனையே சுவீகாரமாக எடுத்துக்கொண்டார். அக்காலத்துச் சீமான் வீட்டு வழக்கப்படி சிறுவனை வளர்க்க ஆங்கிலேயத் தாதிமார் அமர்த்தப்பட்டனர். அவர்கள் மாலை வேளையில் பிள்ளையைச் சேப்பாக்கத்துக்கு அழைத்துச் செல்வார்களாம். அங்கே வெள்ளைச் சட்டை அணிந்த துரைமார்கள் மட்டையும் பந்துமாக ஆடுவதைச் சிறுவன் கண்கொட்டாமல் பார்த்தான். அன்று மனத்தில் விழுந்த விதை கடைசி வரை வாடவில்லை.

சேப்பாக்கத்து மைதானம் 1846இல் தொடங்கப்பட்ட மதராஸ் கிரிக்கெட் கிளப்பினுடையது. அக்காலத்தில் அது ஐரோப்பியர்களுக்கு மட்டுமே உரிய சங்கம். நம்மவர்கள் சில சமயம் அங்கு ஆட அழைக்கப்பட்டதுண்டு. ஆனால் பெவிலியனுக்குள் கால் வைக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. பகல் உணவு வேளை வந்தால் துரைமார்கள் உள்ளே சென்று மேசை முன் அமர்வார்கள். அவர்களோடு அதே வெயிலில், அதே ஆட்டத்தை ஆடிய இந்தியர்களோ மரத்தடியில் உட்கார்ந்து உண்ண வேண்டும். ஆடும் களத்தில் சமம், உண்ணும் இடத்தில் தாழ்வு. இது எவ்வளவு பெரிய மனப்புண் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

புச்சிபாபுவுக்கு அப்போது இருபது வயது. பணம் இருந்தது, செல்வாக்கு இருந்தது. கோபித்துக்கொண்டு விளையாட்டையே விட்டிருக்கலாம். அல்லது துரைமார்களை அண்டித் தனக்கு மட்டும் ஓர் இடம் தேடியிருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. நம்மை உள்ளே விடாவிட்டால் நமக்கென ஒரு வீடு கட்டிக்கொள்வோம் என்று முடிவு செய்தார். 1888ஆம் ஆண்டு மதராஸ் யுனைடெட் கிளப் பிறந்தது. எஸ்பிளனேடு பகுதியில் அதன் மைதானம் அமைந்தது. இந்தியர்கள் தலைநிமிர்ந்து ஆடவும், ஒன்றாக அமர்ந்து உண்ணவும் இந்நகரத்தில் ஓர் இடம் கிடைத்தது.

சங்கத்துக்குப் பெயர் வைத்தால் மட்டும் போதாதே! மட்டை, பந்து, காலுறை, வெள்ளை உடை எல்லாமே அன்று சீமையிலிருந்து கப்பலில் வரவேண்டியவை. சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளால் அவற்றை வாங்க இயலுமா? புச்சிபாபு தம் சொந்தச் செலவில் அவற்றை வரவழைத்து ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்தார். திறமை இருக்கிறதா என்று பார்த்தாரே தவிர, மடியில் பணம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. லஸ் ஹவுஸின் பரந்த தோட்டமே பயிற்சிக்களமாயிற்று. அவர் தாமும் சிறந்த மட்டையாளர். ஆனால் தாம் ஆடியதைவிடப் பிறரை ஆட வைத்ததிலேயே அவர் பெருமை தங்கியிருக்கிறது.

ஆண்டுகள் சென்றன. எந்தக் கிளப் இந்தியர்களைப் பெவிலியனுக்கு வெளியே நிறுத்தியதோ, அதனுடனேயே சமமாக மோத வேண்டும் என்பது அவர் நெடுநாள் ஆவல். அங்கிருந்த பி. டபிள்யூ. பார்ட்ரிட்ஜ் என்ற துரையுடன் பேசி, ஐரோப்பியர் அணியும் இந்தியர் அணியும் ஆண்டுதோறும் மோதும் பந்தயம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். 1908ஆம் ஆண்டு இறுதியில் முதல் ஆட்டம் என முடிவாயிற்று. ஆனால் இறைவனின் சித்தம் வேறாக இருந்தது. அந்த ஆட்டத்துக்குச் சற்று முன்னதாகவே புச்சிபாபு கண்மூடினார். அவருக்கு வயது நாற்பதுதான். விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர். அவர் அமைத்த ஆட்டத்தை அவரால் காண இயலவில்லை.

ஆயினும் ஆட்டம் நிற்கவில்லை. பெங்களூர் பி. சுப்பிரமணியம் தலைமையில் இந்தியர் அணி களமிறங்கியது. பிரசிடென்சி மாட்ச் என்று அழைக்கப்பட்ட அப்பந்தயம் பின்னர் பொங்கல் நாட்களை ஒட்டி நடக்கும் திருவிழாவாகவே மாறிவிட்டது. சி. கே. நாயுடு போன்ற பெரும் ஆட்டக்காரர்கள் அதில் ஆடியுள்ளனர். 1952 வரை அது நடைபெற்றது.

இங்கே நம் பங்கு மக்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே காலத்தில் பம்பாயில் இந்து, பார்சி, முஸ்லிம் என்று மதத்துக்கொரு அணி பிரிந்து ஆடினார்கள். 1937இல் மற்ற மதத்தவர்களுக்காக 'ரெஸ்ட்' என்று ஐந்தாவது அணியும் சேர்ந்தது. கிறிஸ்தவர்களும் அதில்தான் ஆடினார்கள். அப்பந்தயம் 1946இல்தான் ஓய்ந்தது. சென்னையிலோ அப்படி இல்லை. இந்தியர் என்றால் இந்தியர். எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று கேட்காமல் ஒரே அணியாக நின்றார்கள். 'யுனைடெட்' என்று தம் சங்கத்துக்குப் புச்சிபாபு சூட்டிய பெயர் வீண்போகவில்லை எனலாம்.

அவர் மறைந்த மறு ஆண்டு, 1909இல், அவர் பெயரால் ஒரு பந்தயம் தொடங்கப்பட்டது. உள்ளூர் அணிகளுக்காகப் பிறந்த புச்சிபாபு நினைவுப் போட்டி, 1960களில் நாடெங்கிலுமிருந்து அணிகள் வரும் பந்தயமாக வளர்ந்தது. சில ஆண்டுகள் தடைப்பட்டிருந்து, 2023இல் மீண்டும் உயிர்பெற்று, சென்னைக்கு வெளியே தமிழகத்தின் மற்ற ஊர்களிலும் நடைபெற்றது.

அவருடைய மக்கள் பட், பாலையா, ராமஸ்வாமி மூவரும் நல்ல ஆட்டக்காரர்கள். தந்தை இறந்தபோது ராமஸ்வாமிக்கு வயது பன்னிரண்டு. உறவினர் குடும்பத்துக்குச் சுவீகாரம் சென்றதால் அவர் கோட்டா ராமஸ்வாமி ஆனார். 1922இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் பந்தயத்தில் இந்தியாவுக்காக ஆடினார். 1936இல் கிரிக்கெட் அணியுடன் இங்கிலாந்து சென்று, மான்செஸ்டரில் தம் முதல் டெஸ்ட்டில் 40, 60 என ரன் எடுத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பது. தந்தை உலகை விட்டுப் பிரிந்த அதே வயதில், மகன் நாட்டின் சார்பில் மட்டை பிடித்து நின்றார். மரத்தடியில் அமர்த்தப்பட்டவர்களின் பிள்ளை, துரைமார்களின் சொந்த மண்ணிலேயே நின்று ஆடினார் என்பதை எண்ணினால் மெய் சிலிர்க்கிறதல்லவா?

புச்சிபாபு காட்டிய வழியில் நகரின் பேட்டைகள்தோறும் கிளப்புகள் முளைத்தன. மயிலாப்பூர் ரிக்ரியேஷன் கிளப்பும் திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பும் மோதினால் இரு பேட்டைகளும் கடையைக் கட்டிவிட்டு மைதானத்துக்கு ஓடிவிடும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். தோற்றவர் வென்றவரின் தோளில் கை போட்டுக்கொண்டு வீடு திரும்பும் பழக்கத்தை வேறு எங்கே கற்க முடியும்? அதிகாலையில் எழுவது, சொன்ன நேரத்துக்கு வருவது, அம்பயர் விரலைத் தூக்கினால் முணுமுணுக்காமல் வெளியேறுவது, தன் ஓட்டத்தைவிட அணியின் வெற்றியைப் பெரிதாக எண்ணுவது ஆகியவற்றைக் கிளப் ஒரு பைசா கட்டணமின்றிக் கற்பிக்கிறது.

இன்று நம் தெருக்களில் காலி மனைகள் அருகிவிட்டன. பிள்ளைகளின் கையில் மட்டை இருந்த இடத்தில் கைப்பேசி குடிபுகுந்துவிட்டது. யூபிலி கொண்டாடும் நாம் என்ன செய்யலாம்? புச்சிபாபுவைப் போல் மாளிகை நமக்கில்லை. ஆனால் ஆலய வளாகத்திலோ பள்ளி மைதானத்திலோ மாலையில் ஒரு மணி நேரம் திறந்து வைக்கலாம். வசதியுள்ளவர் ஒரு மட்டை, ஒரு பந்து, ஒரு ஜோடி காலணி வாங்கித் தரலாம். ஆடி ஓய்ந்த பெரியவர்கள் நடுவராக நிற்கலாம். சிறுவர்களோடு சிறுமியரும் ஆட வழி செய்யலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வாசலில் தயங்கி நிற்கும் அடுத்த வீட்டுப் பிள்ளையை, அவன் எந்தச் சமயத்தவனாயினும், உள்ளே வா என்று அழைக்கலாம்.

மரத்தடியில் உட்கார வைக்கப்பட்டதன் வலியை அறிந்த ஒருவர், இனி யாரும் வெளியே நிற்கக் கூடாது என்று ஒரு கிளப் கண்டார். நம் அண்டை வீட்டுக்காரர் விட்டுச்சென்ற அந்தப் பாடம், யூபிலி ஆண்டில் நாம் ஏற்க வேண்டிய நல்ல உறுதிமொழி அன்றோ!