ஆனந்தரங்கப் பிள்ளை: பதவியும் நாட்குறிப்பும்

பிரெஞ்சுப் புதுச்சேரியின் தலைமைத் துபாஷாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) தமிழ் உரைநடை வரலாற்றில் பெறும் இடம், பதவியாலோ புகழ்நூல்களாலோ அமைந்ததன்று, நாட்குறிப்பால் அமைந்தது.

சென்னைப் பெரம்பூரில் திருவேங்கடம் பிள்ளையின் மகனாகப் பிறந்தார். குடும்பத்தைப் புதுச்சேரிக்கு அழைத்த உறவினர் நைனியப் பிள்ளை, ஆளுநரின் பகைக்கு ஆளாகி 1717இல் சிறையில் மாண்டார். அதே பதவியை ஆனந்தரங்கர் துய்ப்ளேக்ஸ் காலத்தில், 1747இல் முறைப்படி ஏற்றார். முசாபர் ஜங் அவருக்கு மூவாயிரம் குதிரை மன்சப் சிறப்பும், தாம்பரத்துக்குத் தெற்கிலுள்ள செங்கற்பட்டுக் கோட்டையின் தலைமையும் அளித்தார். தியாகராச தேசிகரின் ஆனந்தரங்கன் கோவையும் சீனிவாச கவியின் வடமொழிச் சம்புவும் அவரைப் பாட்டுடைத் தலைவராக்கின.

1736 செப்டம்பர் 6இல் தொடங்கும் நாட்குறிப்பு காட்டுவது வேறொருவரை. கப்பல் வரவு, சரக்கு விலை, ஆளுநர் மனைவியின் பகைமை ஆகியவை பிரெஞ்சு, பாரசீகச் சொற்கள் விரவிய பேச்சுத் தமிழில் பதிவாயின. 1748 முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. தலைமைத் துபாஷால் அதனைத் தடுக்க இயலவில்லை. அதிகாரத்தின் அருகிருந்தவரின் இயலாமையைக் கோவையின் மரபு ஏற்காது, நாட்குறிப்பு ஏற்றது.

1754இல் துய்ப்ளேக்ஸ் திரும்ப அழைக்கப்பட்டார்; 1756இல் பிள்ளை பதவியிழந்தார். 1761 சனவரி 12இல் அவர் மறைந்தார். நான்காம் நாள் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1846இல் கண்டறியப்பட்ட அவருடைய ஏடுகள் 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் பன்னிரு தொகுதிகளாக வெளிவந்தன. புலவர்கள் பாடிய வள்ளலினும் தம் கையறுநிலையைத் தாமே எழுதிவைத்த துபாஷே தமிழ் உரைநடைக்கு உரியவரானார்.