போதும் என்ற கொல்லர் மகன்

இங்கிலாந்தின் வட பகுதியில் இரும்படித்துப் பிழைத்து வந்த ஜேம்ஸ் பாரடே என்ற கொல்லர், பிழைப்புத் தேடி மனைவி மக்களுடன் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். வந்த இடத்தில் 1791 செப்டம்பர் 22-ல் பிறந்தவரே மைக்கேல் பாரடே. பட்டணத்துக்கு வந்தும் வறுமை விடவில்லை. தந்தை நோயாளி, பல நாள் உலைக்களத்துக்கே போக முடியாது. 1801-ல் தானிய விலை ஏறியபோது சிறுவன் மைக்கேலுக்கு வாரத்துக்கு ஒரு ரொட்டி என்று தாய் அளந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

பதின்மூன்றாம் வயதில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். அக்காலத்தில் பத்திரிகையை விலை கொடுத்து வாங்க எல்லோராலும் முடியாது. வாடகைக்கு எடுத்துப் படிப்பார்கள். காலையில் வீடு வீடாகக் கொடுப்பதும், படித்து முடித்ததும் திரும்பப் போய் வாங்கி வருவதும் அவர் வேலை. பையனின் ஒழுங்கைக் கண்ட ரீபோ, மறு ஆண்டு கட்டணம் வாங்காமலே பைண்டிங் தொழில் பழகச் சேர்த்துக்கொண்டார். ஏழு ஆண்டுப் பயிற்சி. பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைத் தைத்ததோடு நில்லாமல் படிக்கவும் செய்தார். அப்படித்தான் ஒரு கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை அவர் கண்ணில் பட்டது. மாலை நேர விஞ்ஞானச் சொற்பொழிவுக்குத் தலைக்கு ஒரு ஷில்லிங். அந்த ஷில்லிங்கைக் கொடுத்தவர் அண்ணன் ராபர்ட். அவரும் கொல்லர்தான்.

1812-ல் கடை வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த டிக்கெட்டில், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்பிரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டார். கேட்டதை எழுதி, படம் போட்டு, தம் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். தெரிந்த தொழிலை விட வேண்டாம் என்பதே டேவி முதலில் சொன்ன யோசனை. ஆனால் 1813 மார்ச்சில் அங்கே ஓர் உதவியாளர் இடம் காலியானது. வாரம் 25 ஷில்லிங், மாடியில் இரண்டு அறை. பாரடே சேர்ந்துவிட்டார்.

இனி நாம் பார்க்க வேண்டியது 1830-ஆம் ஆண்டை. அதற்குள் அவர் பெயர் பெற்ற ரசாயன நிபுணர். வெளியார் கேட்ட சோதனைகளைச் செய்து கொடுத்ததில் மட்டும் அவ்வாண்டு ஆயிரம் பவுனுக்கு மேல் வந்தது. ராயல் இன்ஸ்டிடியூஷன் கொடுத்த சம்பளமோ ஆண்டுக்கு நூறு பவுன். குடியிருப்பும் நிலக்கரியும் மெழுகுவர்த்தியும் இலவசம். 1831 ஆகஸ்டு 29-ல் ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றி, ஒன்றில் மின்சாரத்தை விடும்போதும் நிறுத்தும்போதும் மற்றதில் ஒரு கணம் மின்சாரம் எழுவதைக் கண்டார். இன்றைய டிரான்ஸ்பார்மருக்கும் ஜெனரேட்டருக்கும் மூலம் அதுதான். அந்த வழியில் மேலே போக வேண்டுமானால் பகல் முழுவதும் வேண்டும். வெளிவேலைக்கு நேரம் கொடுத்தால் பணம் வரும், ஆராய்ச்சி நின்றுபோகும்.

பாரடே பணத்தை விட்டார். 1832-ல் வெளி வருமானம் 155 பவுனாகச் சுருங்கியது. 1838-ல் ஒன்றுமே இல்லை. அவர் மனம் வைத்திருந்தால் ஒன்றரை லட்சம் பவுன் சேர்த்திருப்பார் என்று அவருடன் பணியாற்றிய டிண்டால் பின்னால் கணக்குப் போட்டார்.

வாடகையும் பள்ளிக்கூடச் சம்பளமும் கட்டுகிற நம்மவர் ஒருவர், இது எல்லோருக்கும் முடியுமா என்று கேட்டால் அது நியாயமான கேள்வியே. பாரடேக்குப் பிள்ளைகள் இல்லை. வீடு இலவசம். மனைவி சாராவும் அவரும் சேர்ந்திருந்த சிறு கிறிஸ்தவ சபை, பணம் சேர்த்து வைப்பதையே தவறு என்று கருதியது. அதற்காக அவர் பட்டினி கிடந்தவரும் அல்லர். சுயமரியாதையை விட்டவரும் அல்லர். வயதான தாயைக் கடைசிவரை தாங்கினார். 1835-ல் அரசாங்க உதவித்தொகை பற்றிப் பேசப் போனபோது, பிரதமர் மெல்போர்ன் பிரபு அந்த ஏற்பாட்டையே ஏளனமாகப் பேசினார். பாரடே எழுந்து வந்து, பணம் வேண்டாம் என்று அன்றே எழுதிக் கொடுத்துவிட்டார். பிரதமர் வருத்தம் தெரிவித்த பிறகே ஆண்டுக்கு 300 பவுனை ஏற்றுக்கொண்டார்.

உழைப்பு மிஞ்சி, 1840 வாக்கில் தலைசுற்றலும் மறதியும் அவரைப் படுக்கையில் தள்ளின. ஓய்வுக்காக மறு ஆண்டு சுவிட்சர்லாந்து போனார். மலையையும் ஏரியையும் பார்க்கப் போனவர், இன்டர்லாக்கன் ஊரில் ஆணி அடிக்கும் கொல்லர்களைக் கண்டு நின்றுவிட்டார். கொல்லன் பட்டறை தமக்குப் பிடிக்கும், தம் தந்தை கொல்லர் என்று அன்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஐரோப்பா முழுதும் பெயர் தெரிந்த மனிதர்!

போதும் என்பதெல்லாம் பணத்திலும் பதவியிலும்தான். வேலையில் அந்தச் சொல்லே அவரிடம் இல்லை. கலங்கரை விளக்கங்களுக்கு ஆலோசகராக 1836 முதல் ஆண்டுக்கு 200 பவுன் வாங்கினார். 1860-ல், அறுபத்தெட்டு வயதில், பனி மூடிப் பாதை அடைபட்ட போதும் வேலி தாண்டி வயல் வழியே நடந்து விளக்கைச் சோதித்து வந்தார். 1862-ல் செய்த கடைசி ஆராய்ச்சியில் ஒளியின்மேல் காந்தத்தின் விளைவைத் தேடினார், ஒன்றும் தெரியவில்லை. இல்லாததைத் தேடவில்லை அவர், கருவிதான் போதவில்லை. 1896-ல் ஹாலந்துக்காரர் சீமன் அதைக் கண்டுபிடித்தார்.

1857-ல் ராயல் சொசைட்டியின் தலைவர் பதவியை ஏற்கச் சொல்லிப் பெரிய மனிதர்கள் தேடி வந்தார்கள். இங்கிலாந்தில் விஞ்ஞானி ஒருவருக்கு அதற்குமேல் ஒரு நாற்காலி கிடையாது. யோசிக்க அவகாசம் கேட்டார். ஏற்றே தீர வேண்டும் என்று டிண்டால் மன்றாடினார். பதவியில் உட்கார்ந்தால் தம் அறிவு ஓராண்டுகூடப் பழுதுபடாமல் இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது எனக் கூறி மறுத்தார். கடைசிவரை வெறும் மைக்கேல் பாரடேயாகவே இருக்க வேண்டும் என்றார்.

1858-ல் விக்டோரியா ராணி ஹாம்ப்டன் கோர்ட்டில் ஒரு வீட்டைக் கொடுக்க முன்வந்தார். வாங்கவே பாரடே தயங்கினார். பெருமை பார்த்து அல்ல. பழைய வீடு, பழுதுபார்க்கும் செலவுக்கு எங்கே போவது என்ற கவலை. ராணியே பழுதுபார்த்துக் கொடுத்த பிறகுதான் ஏற்றுக்கொண்டார். 1867 ஆகஸ்டு 25-ல் அந்த வீட்டில், தம் படிப்பறையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிர் பிரிந்தது. ஹைகேட் மயானத்தில் உள்ள கல்லில் அவர் பெயரும், பிறந்த தேதியும், இறந்த தேதியும் மட்டும் இருக்கின்றன.