ஒரு காலைக்குள் ஓர் இரவு கண்டவர்

மாலையில் சூரியன் மறைந்தால், மறுநாள் காலை வரை நாம் காத்திருக்கவேண்டும். ஆனால் ஒரே காலைப்பொழுதிற்குள் இருள் சூழ்வதையும், மீண்டும் பொழுது புலர்வதையும் விண்ணிலிருந்து கண்டார் ஒருவர். அவரே யூரி ககாரின்.

ருஷ்யாவில் குளூஷினோ என்னும் சிற்றூரில் 1934 மார்ச் 9 அன்று அவர் பிறந்தார். தந்தை தச்சர், தாய் கூட்டுப் பண்ணையில் பால் கறப்பவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படை அவர்கள் வீட்டைப் பறித்துக்கொண்டது. குடும்பத்தினர் மண்ணைத் தோண்டி அமைத்த குடிசையில் வாழ்ந்தனர். அண்ணனையும் அக்காளையும் படையினர் பிடித்துச் சென்றனர். போருக்குப் பின்னரே அவர்கள் வீடு திரும்பினர்.

வறுமையிலும் யூரி கல்வியைக் கைவிடவில்லை. வார்ப்படத் தொழில் கற்றார். சாரட்டோவ் நகரில் படிக்கும்போதே விமானம் ஓட்டப் பழகினார். விமானப்படையில் சேர்ந்து, 1960-ல் விண்வெளிப் பயிற்சிக்குத் தேர்வான இருபதின்மருள் ஒருவரானார்.

1961 ஏப்ரல் 12, மாஸ்கோ நேரம் காலை 9-07. வாஸ்டாக்-1 கலம் அவரைச் சுமந்து விண்ணில் பாய்ந்தது. பூமியின் ஒரு பாதியில் பகல் என்றால் மறுபாதியில் இரவு அல்லவா? மணிக்கு 27,000 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் சென்ற கலம், பசிபிக் பெருங்கடலின் மேல் பூமியின் நிழலுக்குள் நுழைந்தது. அந்தி மயங்கவில்லை, சட்டென இருள் கவிந்தது. சுமார் அரைமணியில் அந்த இரவு முடிந்தது. அடிவானில் ஆரஞ்சு நிறம் எழுந்து, வானவில்லின் வண்ணங்களாக விரிந்து, நீலமாகிக் கருமையில் கலந்தது. மனிதன் விண்ணில் கண்ட முதல் விடியல் அது!

திரும்பும்போது கலத்தின் பகுதிகள் உரிய நேரத்தில் பிரியாமல் அது சுழன்றது. அவர் கலங்கவில்லை. 7 கிலோமீட்டர் உயரத்தில் கலத்தினின்று வெளியேறி, பாராசூட் மூலம் தாம் விமானம் ஓட்டப் பழகிய அதே சாரட்டோவ் பகுதியில் இறங்கினார். வயலில் நின்ற ஒரு பெண்மணியும் பேத்தியும் அவரது விசித்திர உடையைக் கண்டு அஞ்சினர். தாமும் அவர்களைப் போன்ற மனிதரே என்று கூறித் தேற்றினார். பயணம் முழுவதும் 108 நிமிடங்களே.

உலகம் அவரைக் கொண்டாடியது. அதே ஆண்டு இந்தியாவுக்கும் வந்தார். 1968 மார்ச் 27 அன்று பயிற்சி விமானம் விழுந்து, 34 வயதில் மறைந்தார்.

இன்று விண்வெளி நிலையத்தில் இருப்போர் ஒரு நாளில் 16 விடியல்கள் காண்கின்றனர். ககாரின் கண்டது ஒன்றே. ஆனால் போரின் கொடுமையைச் சிறுவயதிலேயே கண்ட அவர், இவ்வளவு அழகிய பூமியை அழிக்காமல் காக்கவேண்டும் என்று மக்களை வேண்டிக்கொண்டார். தோழியரே, அந்த வேண்டுகோள் நமக்கும் உரியதன்றோ!