இறையியற் கலாநிதி தமிழின் தூதரானார்: தனிநாயகம் அடிகளாரின் கல்விப் பயணம்

செப்ரெம்பர் முதலாம் நாள் சேவியர் தனிநாயகம் அடிகளாரின் நினைவு நாளாகும். 1980ஆம் ஆண்டு அந்நாளில் அவர் யாழ்ப்பாணத்தில் மறைந்தார். புலம்பெயர்ந்த தமிழரின் வீடுகளிலும் மண்டபங்களிலும் அவரது படம் தொங்குகின்றது. உலகத் தமிழாராய்ச்சி மாநாடு என்றதும் அவரது பெயர் நினைவுக்கு வருகின்றது. ஆயினும் அவர் எதைக் கற்றார், எங்கே கற்பித்தார், எத்தகைய பல்கலைக்கழக வாழ்வை வாழ்ந்தார் என்று வினவினால் நம்மிற் பலர் தயங்குவர். பல்கலைக்கழக விரிவுரையாளனாக இருந்த காலத்தில் யானும் அவரைப் படத்தில் அறிந்திருந்தேனேயன்றி நூலில் அறிந்திருக்கவில்லை. அவரது எழுத்துகளை முறையாகப் படிக்கத் தொடங்கியது ஒஸ்லோவுக்கு வந்த பின்னரே. அந்தக் கடனை ஓரளவு தீர்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

கரம்பனிலிருந்து உரோமாபுரிக்கு

அடிகளார் 1913ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆம் நாள் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனிற் பிறந்தார். சேவியர் ஸ்ரனிஸ்லாஸ் என்பது அவரது இளமைக்காலப் பெயர். தனிநாயகம் என்ற முன்னோர் பெயரைப் பின்னாளிலேயே தமக்குச் சூட்டிக்கொண்டார். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் கற்ற பின், 1931இல் கொழும்பிலுள்ள புனித பேர்ணாட் குருமடத்திற் சேர்ந்தார். 1934இல் உரோமாபுரியின் உர்பானியப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1938இல் அங்கேயே குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1939இல் இறையியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் நம்போன்றோர் நின்று நோக்கத்தக்கது. மூன்றாம் நூற்றாண்டில் வட ஆபிரிக்காவின் கார்த்தேச் நகரில் ஆயராக விளங்கிய புனித சிப்பிரியானின் காலத்துக் குருமாரைப் பற்றியதே அவரது ஆய்வேடு. உரோமப் பேரரசன் தேசியுசின் ஆணையால் 250இற் கிறித்தவர்கள் கடுந்துன்பத்துக்கு ஆளாயினர். சிப்பிரியான் தலைமறைவாகிக் கடிதங்கள் வாயிலாகவே தம் மக்களை வழிநடத்தினார். அச்சத்தாற் பணிந்தவர்களை மீண்டும் ஏற்பதா, விலக்குவதா என்ற வினா அந்தச் சமூகத்தை இரண்டாகப் பிளந்தது. சிப்பிரியான் 258இற் சிரச்சேதம் செய்யப்பட்டார். ஒடுக்கப்பட்ட ஒரு சமூகம் சிதறிய நிலையிலும் எவ்வாறு தன் அமைப்பைக் காத்துக்கொண்டது என்பதை அடிகளார் தம் இருபதுகளின் நடுவிலேயே பழைய கடிதங்களைக் கொண்டு ஆராய்ந்தார். சான்றுகளைத் தேடுதல், ஒப்பிடுதல், ஐயத்துக்குரியதை ஐயத்துக்குரியதெனவே விடுதல் ஆகிய பயிற்சிகள் அங்கேதான் அவருக்கு வாய்த்தன. உரோமாபுரியில் இருந்தபோதே வீரமாமுனிவர் பெயரால் ஒரு கழகத்தையும் அவர் அமைத்தார்.

இருபத்தேழு வயது மாணவர்

இறையியற் கலாநிதி ஒருவர் குருமடத்திற் பேராசிரியராவது இயல்பு. அடிகளாரின் வழியோ வேறாயிற்று. 1940 முதல் 1945 வரை திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்திற் புனித திரேசா பள்ளியில் அவர் பணியாற்றினார். ஆங்கிலம், இலத்தீன், இத்தாலியம் முதலிய மொழிகளில் வல்லவராக வந்த அவருக்குத் தமது தாய்மொழியில் ஆழ்ந்த பயிற்சி இல்லை என்பது அங்கே புலப்பட்டது. அதை மறைக்க அவர் முயலவில்லை. குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்ற பண்டிதரிடம் மாணவராக அமர்ந்து, இலக்கண இலக்கியங்களை அடிநிலையிலிருந்து கற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. கத்தோலிக்கக் குரு ஒருவர் சைவப் பண்டிதர் மரபின் தமிழை ஓர் அந்தணரிடம் பாடங்கேட்ட நிகழ்ச்சி நம் கல்வி வரலாற்றில் நினைக்கத்தக்கது.

1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து தமிழில் முதுகலைப் பட்டமும், பின்னர் இலக்கிய ஆய்வுப் பட்டமும் பெற்றார். கலாநிதிப் பட்டம் பெற்றிருந்த ஒருவர் மீண்டும் மாணவராக வகுப்பில் அமர்ந்தார் என்பதை மறத்தலாகாது. பண்டைத் தமிழ்ப் பாடல்களில் இயற்கை என்பதே அவர் ஆய்ந்த பொருள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்திணை மரபை உரையாசிரியர் வழிநின்று விளக்குவதோடு அவர் அமையவில்லை. கிரேக்க, இலத்தீன், வடமொழிக் கவிதைகளில் இயற்கை பெறும் இடத்தோடு அதனை ஒப்பிட்டார். நிலமும் பொழுதும் மாந்தர் உணர்வோடு பிணைந்து ஓர் இலக்கிய ஒழுங்காகவே அமைந்தமை தமிழின் தனிச்சிறப்பு என்பது அவர் கண்ட முடிபு. 1952இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அந்நூல் 1966இல் நிலத்தோற்றமும் கவிதையும் என்று பொருள்படும் புதிய பெயரோடு மறுபடி அச்சாயிற்று. சங்க இலக்கியத்தை அறியாத மேனாட்டு வாசகர்க்கு அது நெடுங்காலம் ஒரு வாயிலாக இருந்தது.

மொழிக்கு ஒரு மேடை

1948இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவினார். அடுத்த ஆண்டு தொடங்கி யப்பான், ஐக்கிய அமெரிக்கா, தென்னமெரிக்கா முதலிய இடங்களுக்குச் சென்று தமிழைப் பற்றி உரையாற்றினார். அப்பயணத்தில் அவர் கண்ட உண்மை கசப்பானது. இந்தியவியல் என்ற பெயரில் மேனாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் வடமொழியையே பயின்றன. தமிழை அறிந்தோர் அங்கொருவரும் இங்கொருவருமாக, ஒருவரையொருவர் அறியாதிருந்தனர். நாம் வாழும் இந்நகரையே எடுத்துக்கொள்வோம். ஒஸ்லோப் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய நோர்வே அறிஞர் ஸ்ரென் கோனோவ், இந்திய மொழிகள் பற்றிய கிரியர்சனின் பெருந்தொகுப்பில் முண்டா, திராவிட மொழிகளுக்குரிய தொகுதியை 1906இலேயே எழுதியிருந்தார். அதனை அறிந்த தமிழர் எத்தனை பேர்?

இந்தத் தனிமையைப் போக்க அடிகளார் 1952இல் தமிழ்ப் பண்பாடு என்ற பொருளுடைய ஆங்கில முத்திங்களிதழைத் தொடங்கினார். 1966 வரை வெளிவந்த அவ்விதழிற் கீழை, மேலை நாட்டறிஞர் ஒரே பக்கங்களிற் சந்தித்துக்கொண்டனர். ஆங்கிலத்தில் எழுதியதால் அவரது பணி எளிய தமிழ் வாசகரை எட்டவில்லை என்ற குறையைச் சிலர் கூறுவர். அக்குறையில் உண்மை உண்டு. ஆயினும் தமிழர் தமிழரிடமே தமிழின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், பிறரிடம், பிறர் ஏற்கும் சான்றுகளோடு பேச வேண்டும் என்று அவர் தெரிந்தே அவ்வழியை மேற்கொண்டார். தமிழ்த்தூது, ஒன்றே உலகம் ஆகிய தமிழ் நூல்களையும் அவர் தந்தார் என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

அதே 1952இல் அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கல்வித்துறை விரிவுரையாளரானார். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அங்கே கற்பித்தார். இடையில் இலண்டன் பல்கலைக்கழகத்திற் பண்டைத் தமிழ் இலக்கியத்திற் கல்விச் சிந்தனை குறித்து ஆராய்ந்து, 1957இல் இரண்டாவது கலாநிதிப் பட்டத்தைப் பெற்றார். இக்காலத்திலேதான் 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அவர் அமைதியாக இருந்துவிடவில்லை. இலங்கையில் மொழியுரிமை பற்றித் தம் இதழில் எழுதினார். அரசின் நிதியில் இயங்கும் பல்கலைக்கழகமொன்றின் ஊழியர் இவ்வாறு எழுதுவது எளிதன்று என்பதை அத்தகைய நிறுவனத்திற் பணியாற்றியோர் அறிவர்.

ஐரோப்பிய நூலகங்களில்

ஐரோப்பாவில் இருந்த காலங்களில் அடிகளார் நூலகங்களைத் துருவினார். 1554இல் லிஸ்பனில் உரோமன் எழுத்துகளில் அச்சான தமிழ் மறைக்கல்வி நூலையும், 1578இற் கொல்லத்தில் தமிழெழுத்துகளில் அச்சாகி ஹாவார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தம்பிரான் வணக்கத்தையும், வத்திக்கான் நூலகத்திலுள்ள அந்தாவோ தெ புரோவென்சாவின் 1679ஆம் ஆண்டுத் தமிழ்-போர்த்துக்கேய அகராதியையும் தமிழுலகின் கவனத்துக்குக் கொணர்ந்தார். இவற்றை முதன்முதலிற் கண்டவர் அவரே என்பது மிகை. சூர்காமர் போன்ற இயேசுசபை அறிஞர்கள் சிலவற்றை முன்னரே ஆராய்ந்திருந்தனர். ஆனால் இவை அச்சு வரலாற்றுப் பொருள்கள் மட்டுமல்ல, பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளின் பேச்சுத்தமிழுக்குச் சான்றுகள் என்பதை எடுத்துரைத்துத் தமிழாராய்ச்சியோடு இணைத்தவர் அவர். பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட புரோவென்சாவின் அகராதியை 1966இல் உருவம் மாறாது மறுபதிப்பும் செய்தார்.

கோலாலம்பூரும் அதன் பின்னும்

1961இல் அவர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைக்குத் தலைவராகச் சென்றார். ஈழத்துப் பல்கலைக்கழகத்திற் கல்வித்துறையிற் கற்பித்த தமிழறிஞர், தமிழுக்கான பேராசிரியப் பணியைக் கடல்கடந்தே பெற்றார். 1969 வரை நீடித்த அக்காலமே அவரது வாழ்வின் விளைச்சற் காலம். 1964 சனவரியில் புதுடில்லியிற் கீழைத்தேயவியலாளரின் அனைத்துலக மாநாடு கூடியபோது, அதற்கு வந்திருந்த தமிழறிஞர்களைப் பேராசிரியர் வ.ஐ. சுப்பிரமணியத்தோடு சேர்ந்து ஒன்றுகூட்டினார். அங்கே அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. பிரெஞ்சு அறிஞர் ஜீன் பிலியோசா தலைவரானார். அடிகளாரும் செக் நாட்டுக் கமில் சுவெலபிலும் செயலாளர்களாயினர். தலைமையைப் பிறருக்கு அளித்துவிட்டுச் சுமையைத் தாம் ஏற்றுக்கொள்வது அடிகளாரின் வழக்கம்.

1966 ஏப்ரலிற் கோலாலம்பூரில் முதல் மாநாடு நடைபெற்றது. பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அதனைத் தொடக்கிவைத்தார். 1968 சனவரியிற் சென்னையிலும், 1970 யூலையிற் பாரிசிலும் அடுத்த மாநாடுகள் கூடின. சென்னையில் மாநாடு மாபெரும் மக்கள் விழாவாயிற்று. ஆய்வரங்குக்கும் திருவிழாவுக்கும் இடையிலான இழுபறி அன்றே தொடங்கியது எனலாம். அம்மன்றம் பிற்காலத்தில் எதிர்கொண்ட சிக்கல்கள் பலவற்றின் வேர் அதிலேயே உள்ளது. 1995இல் தஞ்சாவூரில் எட்டாம் மாநாட்டுக்கு வந்த ஈழத்து அறிஞர் சிலர் திருப்பி அனுப்பப்பட்டனர். ஓர் ஈழத்தவர் முன்னின்று உருவாக்கிய மன்றத்தின் மாநாட்டிலேயே ஈழத்தவர்க்கு இந்நிலை நேர்ந்தது.

1974 சனவரியில் நான்காம் மாநாடு யாழ்ப்பாணத்திற் கூடியது. அதனைக் கொழும்பில் நடத்துமாறு வந்த அழுத்தத்தையும் மீறிப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமையில் அது நடந்தேறியது. இறுதி நாளாகிய சனவரி 10ஆம் நாளிரவு வீரசிங்கம் மண்டபத்தின் முன் கூடியிருந்த மக்கள்மீது பொலிசார் பாய்ந்ததும், மின்கம்பி அறுந்து வீழ்ந்து உயிர்கள் பலியானதும் நாமனைவரும் அறிந்தவை. அறிவுக்கென அடிகளார் அமைத்த மேடை அவரது சொந்த மண்ணிலேயே குருதி தோய்ந்தது.

இறுதி ஆண்டுகளை அவர் யாழ்ப்பாணத்திற் கழித்தார். 1980 ஏப்ரலிற் செல்வநாயகம் நினைவுப் பேருரையைத் தமிழாராய்ச்சியின் நேற்றையும் நாளையையும் பற்றியே நிகழ்த்தினார். சில மாதங்களில் மறைந்தார். 1981 சனவரியில் மதுரையில் ஐந்தாம் மாநாடு அவரின்றிக் கூடிற்று.

நமக்குரிய வினா

அவர் மறைந்து சரியாக ஒன்பது மாதங்களில், 1981 மே 31ஆம் நாளிரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அதனைக் காணாது அவர் கண்மூடினார். ஆனால் அவர் ஐரோப்பிய நூலகங்களிற் செய்த வேலையின் பொருள் அந்த நெருப்பின் ஒளியிலேதான் முழுமையாகத் தெரிகின்றது. ஒரே இடத்தில், ஒரே படியாக இருக்கும் நூல் எந்நேரமும் அழியக்கூடியது. படியெடுத்தலும், மறுபதிப்புச் செய்தலும், பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் தமிழை வேரூன்றச் செய்தலும் அறிவுப்பணி மட்டுமல்ல, பாதுகாப்புப் பணியுமாகும்.

இறையியற் கலாநிதியாகிய அவர் இறையியற் பேராசிரியராகவில்லை என்பதால் குருத்துவத்தைக் கைவிட்டார் என்று கொள்ளலாகாது. இறுதிவரை அவர் குருவாகவே வாழ்ந்தார். சிதறிய சமூகத்தைக் கடிதங்களாற் கட்டிக்காத்த சிப்பிரியானை ஆராய்ந்தவர், சிதறிக் கிடந்த அறிஞரை இதழாலும் மன்றத்தாலும் கட்டினார். இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்க என்னால் இயலவில்லை.

ஒஸ்லோவின் தமிழ்ப் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர் பலர், தம் பிள்ளைக்கு நோர்வேஜிய மொழிதான் முதல்மொழியாகிவிட்டது, இனித் தமிழ் வராது என்று மனம் தளர்கின்றனர். அவர்கள் வடக்கன்குளத்தில் ஏட்டை விரித்து அமர்ந்த அந்த இருபத்தேழு வயதுக் குருவை நினைத்துக்கொள்ளட்டும். பிறமொழிக் கல்வி அவரது தமிழுக்குத் தடையாகவில்லை. தமிழை உலகின்முன் நிறுத்தும் கருவியாகவே அது பயன்பட்டது. இங்கு வளரும் நம் பிள்ளைகளின் கையிலும் அக்கருவி உண்டு. அவர்கள் தேடி வரும் நாளில் எடுத்துக் கொடுப்பதற்கு நூல்களை நாம் காத்து வைத்திருப்போமா என்பதே நம்முன் உள்ள வினா.